குழியோடு இறங்கும் சாவி

அம்மாசி மேஸ்திரியின் வாயிலிருந்து ஒரு பேச்சு வெளியே வரவேண்டும். அதுவும் நடுத்தெருவில், நாலு பேர் காதுபட வரவேண்டும். அதற்காகத்தான் தேவானை உயிரைப் பிடித்துவைத்துக்கொண்டிருந்தாள். மற்றபடி சாமியிடம் கேட்க அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

அவள் புருஷன் தங்கவேல் தண்ணீர்க் குழாய் வேலைக்காரன். மயிலாப்பூர், ராயப்பேட்டைத் தெருக்களுக்கு அடியில் ஓடுகிற பெரிய இரும்புக் குழாய்களில் அங்கங்கே வால்வு உண்டு. வால்வுக்குச் செங்கல் கட்டிய ஒரு குழி, குழிக்கு ஒரு இரும்பு மூடி. வால்வுக்கு உள்ளே தேய்கிற சாமான்கள் சிலது: கதவைத் தூக்கி இறக்குகிற தண்டு, அந்தத் தண்டு சுற்றுகிற பித்தளை நட்டு, கதவு போய் உட்காருகிற பித்தளை வளையம், கசியாமல் இருக்கத் தண்டைச் சுற்றி அடைக்கிற சணல். தேய்ந்ததைக் கழற்றிப் புதுசு போட மனிதன்தான் குழிக்குள் இறங்கவேண்டும். அதற்கு முன்னால் கொஞ்சம் தள்ளித் தெருமுனையில் இருக்கிற மேல்வால்வை மூடித் தண்ணீரை நிறுத்துவார்கள். மூடவும் திறக்கவும் ஆள் மார்பு உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி. அந்தப் பக்கத்துக்கே ஒரே சாவி.

மூடின கையோடு அந்தச் சாவியைக் கொண்டுவந்து குழிக்குள் இறங்குகிறவனிடம் கொடுத்துவிடுவார்கள். அது அவன் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்திருக்கும். வேலை முடிந்தால் அவனோடு ஏறும். எந்தத் துரையும் எழுதிவைத்த சட்டமில்லை அது. குழிக்குள் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு.

போன சித்திரையில் ராயப்பேட்டை ரோட்டு வால்வின் நட்டு மாற்றத் தங்கவேல் இறங்கினான். வால்வை மேலே மூடியிருக்கிற இரும்புத் தலையைக் கழற்றிச் சங்கிலியில் தூக்கிக் கட்டியிருந்த வேளை, மேல்வால்வு திறந்துகொண்டது. ஏணியில் கால் வைத்தவனைத் தண்ணீர் சுவரோடு அடித்துப் போட்டது. அன்று விசாரிக்க வந்த துரையிடம் அம்மாசி மேஸ்திரி கைகட்டி நின்று சொன்னான்: "காலங்காத்தாலயே கள்ளு போட்டுட்டு வந்தான் தொரை. சாவிய மேலயே வுட்டுட்டு எறங்கிட்டான். வழியோட போன எந்தக் கஸ்மாலமோ வெளையாட்டாத் திருப்பிட்டுப் போயிட்டான்."

துரை தலையாட்டினார். கதை முடிந்தது. செத்தவன் எழுந்து வந்து வாயை ஊதிக் காட்டவா போகிறான்?

தங்கவேல் கள்ளைத் தொட்டுப் பல வருஷமாகியிருந்தது. முண்டகக்கண்ணியம்மனுக்கு வேண்டிக்கொண்டு விட்டவன். கல்யாண வீட்டில் கொடுத்தால்கூடக் கும்பிட்டு நகர்ந்துவிடுவான். இது அவர்கள் குடியிருந்த கால்வாய்க்கரைக் குடிசைகளில் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் என்ன? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? 'குடிச்சிட்டுக் குழியில போனவன் பொண்டாட்டி' என்று அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். குழாயடியில் பக்கத்துக் குடிசைச் சுப்பம்மாவோடு குடம் இடித்துக்கொண்டால் போதும், அந்தப் பெயர் வந்து விழும். அம்மாசி அதோடும் விடவில்லை. குடிகாரப் பசங்களை நம்பமுடியாது, இனிமேல் சாவி மேலேதான், மேஸ்திரி கையில்தான் என்று புது வழக்கம் போட்டுவிட்டான்.

தேவானை கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, கருவாடு சுட்டு, குழாய் வேலை நடக்கிற இடமாகப் பார்த்துக் கொண்டுபோய் விற்றாள். வேறு இடமா கிடைக்கவில்லை? டிராம் நிற்கிற இடத்தில் உட்கார்ந்தால் பானை சீக்கிரம் காலியாகும். ஆனால் அங்கே அம்மாசி வரமாட்டானே. அவனுக்கும் ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடிக்கும்போது தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். விஷம் வைக்கத் தெரியாமல் இல்லை. செத்துப்போனால் யார் வந்து சொல்வது?

நட்டு, வளையம் எல்லாம் கடைந்து கொடுப்பவர் காதர். ராயப்பேட்டைச் சந்தில் வீட்டு முன்னறையிலேயே கடைசல் பட்டறை. தங்கவேலுக்கு உயிர்ச் சிநேகிதர். பட்டறையின் பெரிய சக்கரத்தைச் சுற்ற அவர் ஆள் வைக்கவில்லை, சம்சாரம் ஹாஜிரா பீதான் சுற்றுவாள். சுற்றாத நேரத்தில் சணலைக் கொழுப்பில் தோய்த்து மூன்று புரியாகப் பின்னுவாள். வால்வுத் தண்டைச் சுற்றி அடைப்பது அந்தப் பின்னலைத்தான்.

தேவானை கூழ்ப்பானையை இறக்கிவைத்துவிட்டு அவளோடு உட்கார்ந்து சணல் உரிப்பாள். கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"பாய், அந்த ராயப்பேட்ட ரோட்டு வால்வு எப்பத்தான் கெடும்?"

"அல்லாவே, இதென்ன கேள்வி," என்று ஹாஜிரா பீ சிரித்தாள். "ஊரெல்லாம் தண்ணி வரணும்னு துவா கேக்குது. நீ கொழாய் கெடணும்னு கேக்கற."

காதர் உளியைக் கீழே வைத்தார். "அன்னிக்கு வேல பாதியில நின்னுப்போச்சா, பழைய நட்டையே திரும்பப் போட்டு மூடிட்டானுங்க. மரையெல்லாம் தேஞ்சு கீது. ஒரு கோட தாங்காது. ஏம்மா, கெட்டா இன்னா பண்ணப்போற?"

"அவன அந்தக் குழியில எறக்கணும்."

"எறக்கி?"

"சொல்ல வெக்கணும்."

"மேஸ்திரி எதுக்கு எறங்கறான்? வேல செய்யறது ஆளுங்கதான."

"வளையத்த மேஸ்திரி கைவெச்சுப் பாக்காம தலைய மூடக்கூடாதுன்னு என் வூட்டுக்காரு சொல்லிக்கீறாரு. எறங்குவானா மாட்டானா?"

அது நிஜம்தான். புது வளையம் பதிந்தபிறகு அதில் மேடு பள்ளம் இருக்கிறதா என்று மேஸ்திரி விரலால் தடவிப் பார்த்துச் சரி சொன்னால்தான் தலையை இறக்குவார்கள். பிறகு கசிந்தால் கேள்வி அவனுக்குத்தான் வரும். எத்தனை சோம்பேறி மேஸ்திரியும் அதற்கு மட்டும் இறங்கியாகவேண்டும்.

"புது நட்டு கடையறப்போ கொஞ்சம் மெலுசாக் கடையேன் பாய்," என்றாள் தேவானை. "அடிக்கடி கெடட்டும். ஒரு தபா தப்புனா இன்னொரு தபா ஆவட்டும்."

"அது மட்டும் கேக்காத," என்றார் காதர். "மனுஷன் மேல கோவம்னா மனுஷன்கிட்ட காட்டு. பித்தளை இன்னா பண்ணிச்சு?"

ஹாஜிரா பீ பின்னலை இழுத்து முடிச்சுப் போட்டாள். "கெடட்டும், கெடட்டும். தேவானை வயிறு எரியற எரிச்சலுக்கு அந்த இரும்பே உருகிப்பூடும்." அவள் இதைச் சிரிக்காமல் சொன்னாள்.

கெட்டது. சித்திரை பிறந்து, கத்திரி வெயில் தொடங்கினதும் ராயப்பேட்டை ரோட்டு வால்வில் தண்டு சும்மா சுற்றியது, கதவு ஏறவில்லை. பாதித் தண்ணீர்தான் போயிற்று. மயிலாப்பூர்ப் பங்களாக்களில் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று துரைக்குப் புகார் போனது. கால்வாய்க்கரைக் குழாயில் சொட்டுக்கூட இல்லை. அங்கிருந்து யார் புகார் கொடுப்பது, யார் வாங்குவது? துரை அம்மாசியைக் கூப்பிட்டுச் சாயங்காலத்துக்குள் சரிசெய் என்றார்.

விடியும்போதே தேவானைக்குச் செய்தி வந்துவிட்டது. கூழை நன்றாகக் கரைத்து மோர் ஊற்றினாள். நெத்திலிக் கருவாட்டை மொறுமொறுவென்று வறுத்தாள்.

வெயில் ஏறுகிற சமயம் அவள் போய்ச் சேர்ந்தபோது தலையைக் கழற்றித் தூக்கியிருந்தார்கள். காதர் குழிக்குள் இருந்தார். புது வளையத்தை மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்குகிற சத்தம் டொக்கு டொக்கென்று மேலே கேட்டது. சுற்றி நின்ற ஆட்கள் முகம் கொடுக்காமல் நின்றார்கள். குழிக்குள் இறங்கமாட்டோம் என்று அத்தனை பேரும் சொல்லிவிட்டார்கள். சாவி மேலே இருக்கும்வரை கால் வைக்கமாட்டோம் என்பது அவர்கள் பேச்சு. அம்மாசி கத்திப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் காதர், "நான் எறங்கறேன், ஜல்தியா வேலைய முடிக்கலாம்" என்று இறங்கிவிட்டார்.

சாவி தெருமுனையில் மேல்வால்வின்மேல் மாட்டியபடியே இருந்தது. காவலுக்கு மண்ணாங்கட்டி. அம்மாசிக்குச் சொந்தக்காரன், சாப்பாட்டு ராமன். வெயிலில் வெந்து நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னாமே, எங்களுக்கெல்லாம் இல்லியா?" என்றான்.

"ஒனக்குத்தான் மொதல்ல. அப்படி நெழல்ல போயிக் குந்து. தாராளமா ஊத்தறேன்."

"மேஸ்திரி இங்க வுட்டு நவுரக்கூடாதுன்னு சொல்லிக்கீறாரு."

"இரும்பு எங்கடா ஓடிப்பூடும்? நான் பாத்துக்கினு கீறேன். நெத்திலி சூடாறிடப் போவுது."

மண்ணாங்கட்டி நெத்திலியைப் பார்த்தான், சாவியைப் பார்த்தான். சாவியைத் தின்னமுடியாது. சட்டியைத் தூக்கிக்கொண்டு பூவரச நிழலுக்குப் போய்விட்டான்.

அந்தச் சமயத்தில் குழிக்குள்ளிருந்து காதர் குரல் கொடுத்தார். "மேஸ்திரி, வளையம் உக்காந்துடுச்சு. வந்து பாரு."

"நல்லாத்தான் இருக்கும். மூடுங்கடா," என்றான் அம்மாசி.

"நாளைக்கு ஒழுவுனா நீ பதில் சொல்லுவியா? அப்ப மூடறேன்."

அம்மாசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முனகியபடி இறங்கினான். குழிக்குள் இரண்டு ஆள் நிற்க இடம் போதாது, காதர் ஏறி மேலே வந்தார். வந்தவர் ஏணியை இழுத்து வெளியே போட்டார். தலையை இறக்கும்போது சங்கிலிக்கு இடைஞ்சலாக இருக்குமென்று ஏணியை எடுப்பது உண்டுதான். ஆனால் அதற்கு இன்னும் நேரம் இருந்தது. அன்றைக்கு ஏன் எடுத்தார் என்று அவரைத்தான் கேட்கவேண்டும்.

தேவானை சாவியின் குறுக்குக் கம்பியில் இரண்டு கையையும் வைத்துச் சாய்ந்தாள். ரொம்ப இல்லை, கொஞ்சம். அடியில் இரும்பு முனகியது. குழிக்குள் சளசளவென்று சத்தம் எழும்பியது.

"டேய்! எவன்டா அவன், எவன்டா தொறந்தது? மண்ணாங்கட்டி! ஏணியப் போடுங்கடா!"

யாரும் ஏணியைத் தொடவில்லை. தேவானை திரும்ப மூடினாள். அம்மாசிக்குக் கணுக்காலுக்குமேல் தண்ணீர் நின்றது.

"நான்தான், மேஸ்திரி," என்று அவள் அங்கிருந்தே சொன்னாள். கத்தவில்லை. தெருவே மூச்சுவிடாமல் இருந்ததால் கேட்டது. "தங்கவேலு பொண்டாட்டி. குடிச்சிட்டுக் குழியில போனானே, அவன் பொண்டாட்டி."

"தேவானை, வெளையாடாத. துரை வர நேரம்."

"வரட்டும். அவரும் கேக்கட்டும். என் புருசன் அன்னிக்குக் குடிச்சிருந்தானா?"

"அதெல்லாம் இப்ப இன்னாத்துக்கு? செத்தவன் செத்துட்டான். ஒனக்கு ஒரு வழி பண்றேன், ஏணியப் போடச் சொல்லு."

அவள் மறுபடி சாய்ந்தாள். இந்தத் தடவை கொஞ்சம் நிதானமாகத் திரும்ப மூடினாள். உள்ளேயிருந்து ஒரு ஊளை மாதிரி வந்தது. தண்ணீர் முழங்காலைத் தொட்டுவிட்டது என்று குழியோரம் நின்ற ஆள் ஒருவன் பக்கத்தில் இருப்பவனிடம் மெதுவாகச் சொன்னான்.

இதற்குள் கால்வாய்க்கரைப் பெண்கள் வந்துவிட்டார்கள். தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கத்தான் குடத்தோடு புறப்பட்டு வந்தார்கள். முன்னால் சுப்பம்மா. சாவியோடு நிற்கிற தேவானையைப் பார்த்ததும் அத்தனை பேரும் வந்த இடத்திலேயே நின்றார்கள்.

"குடிச்சிருந்தானா?" என்றாள் தேவானை.

"இல்ல," என்றது குழி.

"சத்தமா."

"இல்லம்மா, இல்ல. தங்கவேலு குடிக்கல."

"சாவிய மேல வுட்டுட்டா எறங்குனான்?"

"உள்ளதான் வெச்சிருந்தான். நான்தான் வாங்கினேன். அடுத்த தெரு வால்வுக்கு வேணும்னு சொல்லி வாங்கினேன்."

"தொறந்தது யாரு?"

தேவானையின் கை கம்பியில் இறுகியது.

"நான்தான். வேணும்னு இல்ல. எல்லாரும் சோத்துக்குப் போயிட்டாங்க, நீயும் தலைய மூடிட்டு ஏறிடுன்னு சொல்லிட்டுத்தான் சாவி வாங்கினேன். ஏறியிருப்பான்னு நெனச்சேன்."

"எட்டிப் பாத்தியா?"

"பாக்கல."

அவ்வளவுதான். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. நடுத்தெருவில், நாலு பேருக்குப் பதில் நாற்பது பேர் காதுபடக் கிடைத்தது. சுப்பம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆட்களில் ஒருவன் குழியைப் பார்த்துக் காறித் துப்பினான். தேவானை அந்த இடத்தில் சாவியைக் கழற்றிக்கொண்டு போயிருந்தால் நெஞ்சாறித் தூங்கியிருப்பாள். ஆனால் ஒரு வருஷம் பட்டினி கிடந்த கோபம் ஒரு கவளத்தில் அடங்குமா? இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது.

"எதுக்குய்யா தொறந்த? எந்தப் பங்களாக்காரன் குளிக்கறதுக்கு என் புருசன் செத்தான்? அதையும் சொல்லிடு."

குழிக்குள் அம்மாசி சிரித்த மாதிரி இருந்தது. அழுததாகவும் இருக்கலாம்.

"பங்களாவா? நீதாண்டி கேட்ட. மறந்துட்டியா? பொம்பளைங்களையெல்லாம் கூட்டினு கால்வாய்க்கரை நாயர் கடையாண்ட வந்து, எங்களுக்குத் தண்ணி வுடுய்யான்னு என் சட்டையப் புடிச்சு உலுக்குனது யாரு? டீ குடிக்கற எடத்துல மானத்த வாங்கினியே. கொஞ்ச நேரம் வுட்டுட்டு மூடிடலாம்னு உனக்கோசரம்தான் போய்த் தொறந்தேன். கேளு, சுப்பம்மாளக் கேளு. அவளும்தான் வந்தா."

தேவானைக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் என்றால், மறந்ததே இல்லை. அதையும் இதையும் சேர்த்துப் பார்த்ததில்லை. ஆண்பிள்ளைகள் எல்லாம் வேலைக்குப் போன பகல். குழாய் காய்ந்து கிடந்தது. அவள்தான் முன்னால் போனாள். திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில் குழாய் கரகரவென்று இருமி, தண்ணீர் வந்தது. தேவானையின் வாய்க்குப் பயந்து மேஸ்திரி விட்டுவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் குடம் அவள்தான் பிடித்தாள். அண்டா ததும்ப ஊற்றிவைத்தாள். புருஷன் வந்தால் நன்றாகக் குளிக்கட்டும் என்று அதைத் தொடாமல் மூடிவைத்தாள்.

அவள் கை கம்பியை விடவில்லை. ஒரு சுற்று முழுசாகத் திருப்பினால் போதும். அங்கே நின்றவர்களில் ஒருவர்கூட அவளைத் தடுத்திருக்கமாட்டார்கள். காதர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

"ஆமா, கேட்டேன்," என்றாள். "தண்ணி கேட்டேன். உள்ள ஆளு கீறான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாக்கு வறண்டு செத்திருப்பேனே தவிரக் கேட்டிருப்பேனாய்யா? தண்ணி கேக்கறது எங்க வேல. எட்டிப் பாக்கறது உன் வேல." பிறகு அவள் யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை: "அந்தத் தண்ணியிலதான் அவரக் குளிப்பாட்டினேன். வூட்டுல வேற தண்ணி இல்ல."

சாவியை உருவினாள். அது கனமான சாவி. தோளில் தூக்காமல் தரையில் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். ஆட்கள் வழிவிட்டார்கள். குழியின் விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். முழங்கால் தண்ணீரில், தொங்குகிற இரும்புத் தலைக்குக் கீழே, அம்மாசி இரண்டு கையையும் தலைக்குமேல் வைத்துக்கொண்டு நின்றான்.

"புடி," என்று சாவியை உள்ளே இறக்கினாள். "உள்ள கீறவன்கிட்டதான் இருக்கணும். இனிமே உன்ன யாரும் ஒண்ணும் பண்ணமுடியாது."

அவன் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "தாயே," என்றான். "ஏணி. ஏணியப் போடச் சொல்லு தாயே."

தேவானை திரும்பிப் பார்க்காமல் போய்க் கூழ்ப்பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஏணி காதரின் காலடியில் கிடந்தது. காதர் சட்டைப்பையிலிருந்து பீடியை எடுத்துப் பற்றவைத்தார். ஆட்கள் ஒவ்வொருவராகப் பூவரச நிழலுக்கு நகர்ந்தார்கள்.

"ஏண்டா, ஏணியப் போடுங்கடா! துரைக்கு இன்னாடா பதில் சொல்றது? வேல முடியாம சாவி ஏறாது. சாவி ஏறாம ஒருத்தனுக்கும் தண்ணி கெடையாது, தெரியுமில்ல?" அம்மாசிக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. "சுப்பம்மா! இன்னாமே, கொடத்தோட வந்தியே, ஒனக்குத் தண்ணி வாணாமா? இவனுங்களுக்குச் சொல்லும்மா."

சுப்பம்மா குழியருகே வந்து எட்டிப் பார்த்தாள். நிதானமாக, நன்றாகக் குனிந்து பார்த்தாள். பிறகு குடத்தைத் தரையில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். மற்றப் பெண்களும் குடத்தைக் கவிழ்த்தார்கள்.

"அவசரமில்ல மேஸ்திரி," என்றாள் சுப்பம்மா. "எங்கள்ல யாரும் தண்ணி கேக்கல."